பாவம் மீன்!

தமிழ்நாட்டில் பாபநாசம் இரண்டு. ஒன்று தஞ்சாவூர்ப் பக்கம், பாபநாசம் சிவன் புகழ். இன்னொன்று திருநெல்வேலி ஜில்லாவில். 2015-ல் கமல்ஹாசன் படம் வந்த பிறகு, "ஓ, அந்த ஊரா?" என்று வெளியூர்க்காரர்களும் கேட்க ஆரம்பித்த ஊர். நான் சொல்வது இரண்டாவது. மலையிலிருந்து தாமிரபரணி இறங்கி வந்து சமவெளியில் கால் வைக்கிற இடம். பாபநாசநாதர் கோயிலுக்கு எதிரே படித்துறை. படித்துறையில் ஜனம். ஜனத்தின் காலடியில் மீன்.

சும்மா நாலைந்து மீன் இல்லை. நீங்கள் பொரியைக் கையில் எடுத்ததுமே கும்பலாக வந்து நின்று 'போடுறியா இல்லையா' என்று பார்க்கும். பெரும்பாலும் கெண்டை ஜாதி. இந்த ஜாதி மீனுக்கு இரைப்பை என்ற உறுப்பே கிடையாது. பல் இருப்பது வாயில் அல்ல, தொண்டையில். தின்றது நேராகக் குடலுக்குப் போய்விடுவதால் நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும். (எங்கள் ஆபீஸ் கேன்டீனிலும் இப்படி இருவர் இருக்கிறார்கள்.)

இப்பேர்ப்பட்ட படித்துறைக்குப் போன கோடை லீவில் என் மச்சினன் பன்னிரண்டு அடித் தூண்டில் கம்போடு வந்து இறங்கினான். சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகம், யூ-டியூப் ஞானம். குடும்பத்தோடு ரெண்டு நாள் பாபநாசம், அப்புறம் திருச்செந்தூர் என்று ஏற்பாடு. கம்பு வாங்கியது திருச்செந்தூர்க் கடலுக்காக. அலை புரட்டுகிற மணலில் புழு பூச்சியெல்லாம் மேலே வரும். அதைத் தின்னக் கிழங்கான் வரும். அங்கே இரையைக் கொண்டுபோய்ப் போட நீளக் கம்பும் நூறு கிராம் ஈயக்குண்டும் வேண்டும். எல்லாம் சரி. பையனுக்குக் கடல் வரைக்கும் பொறுமை இல்லை.

"அத்தான், சும்மா ஒரு டெஸ்ட்!"

நான் வாயைத் திறப்பதற்குள் கம்பைப் பின்னால் கொண்டுபோய் ஒரு வீசு வீசினான். முன்னால் ஒன்றும் போகவில்லை. பின்னால் நின்ற பெரியவர் ஒருவரின் துண்டு மட்டும் முள்ளில் மாட்டி, கொடி மாதிரி ஆகாயத்தில் பறந்தது. பெரியவரின் மானத்தைக் கோவணம் காப்பாற்றியது.

நாலு பக்கமிருந்தும் சத்தம். பொரி விற்கிற ஆச்சிதான் முதலில் வந்தாள். "ஏ தம்பி, என்ன செய்யுதீக? அது சாமி மீனுல்லா! வேற எங்கனயாச்சும் போயிப் பிடிங்க."

"சட்டம் இருக்கா பாட்டி?"

"சட்டம் எனக்குத் தெரியாது. இங்க குளிக்குத நாலு பேரு சேந்து ஒங்களத் தூக்கித் தண்ணிக்குள்ள போட்டுருவாக. அது தெரியும்."

ஆச்சி சொன்னதுதான் நடைமுறை. கர்நாடகத்தில் சிருங்கேரி சாரதாம்பாள் கோயிலை ஒட்டி ஓடும் துங்கை ஆற்றிலும் மீன்களுக்கு இதே மரியாதை. அதே மாநிலத்தில் சிசிலா என்ற ஊரில் 1996-ல் யாரோ விஷம் கலந்து கோயில் மீன்கள் ஏராளமாகச் செத்தபோது, ஊரே கூடி அவற்றுக்கு நினைவுச் சின்னம் வைத்தது. பாபநாசத்துக்கு மேலே மலைக்குள் போய்ப் பிடிக்கலாமா என்றால், அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். கூடவே கூடாது.

துண்டோடு போனது அன்றைய அதிர்ஷ்டம். தூண்டில் முள்ளின் நுனியில் பின்பக்கமாக ஒரு செதுக்கு இருக்கும், மீன் கழன்றுவிடாமல் இருக்க. குழந்தையின் கன்னத்தில் ஏறியிருந்தால் அதே செதுக்கு சதையைப் பிய்க்கும். அப்படி ஏறினால் இழுக்கக் கூடாது. நரம்பை வெட்டிவிட்டு, முள்ளை இருந்தபடியே விட்டு, டாக்டரிடம் போக வேண்டும். டி.டி. ஊசியும் கேட்டுக்கொள்ளுங்கள். கண் பக்கம் என்றால் கையே வைக்காதீர்கள். அமெரிக்காவில் பல கடற்கரைகளில், குளிக்கிற இடத்தில் பகல் நேரத்தில் தூண்டில் போடவே தடை. நம் ஊரில் அந்த வேலையை ஆச்சிகள் பார்க்கிறார்கள்.

பெரியவர் துண்டைத் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் பேசினார். ஜீவகாருண்யம், கலிகாலம், பட்டணத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்தது. மச்சினன் தலை குனிந்து கேட்டுக்கொண்டான். பிறகு அவர் இறங்கி மூன்று முழுக்குப் போட்டார். ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்துத் தேய்த்துவிட்டு அதைத் தண்ணீரில் விட்டார். பழைய வேட்டியையும் கூடவே விட்டார். கட்டின துணியோடு பாவமும் போய்விடும் என்று இங்கே நம்பிக்கை. வேட்டி போய்விட்டது என்று அவர் நினைத்தார். அது பத்தடி போய் ஒரு பாறையில் சிக்கி, ஏற்கெனவே அங்கிருந்த இரண்டு புடவைகளோடு சேர்ந்துகொண்டது. அதைச் சுற்றிக்கொண்டு அதே சாமி மீன்கள்.

வேட்டி பருத்தி, என்றைக்காவது மக்கும். பாலியஸ்டர் புடவை மக்காது. அணையில் தண்ணீர் குறைந்த கோடையில் அடித்துக்கொண்டு போகவும் வேகம் இல்லை. பாபநாசம் அணையின் முழு அளவு 143 அடி. அது நிரம்பித் திறந்துவிடும் வரை துணி அங்கேயேதான். அவ்வப்போது தொண்டர்கள் இறங்கி மூட்டை மூட்டையாக அள்ளிக் கரையேற்றுகிறார்கள். இந்தத் தண்ணீரைத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன.

"ஒரு முள்ளுக்கு என்னா கூச்சல் போட்டார், அத்தான்!" என்றான் மச்சினன். எனக்கு அவன் மேல் கோபம் தீரவில்லை. ஆனாலும் பதில் சொல்ல முடியவில்லை.

திருச்செந்தூரில் கோயில் கடற்கரையில் பாபநாசத்தைவிடப் பத்து மடங்கு தலை. அங்கே கம்பைப் பிரிக்கவே நான் விடவில்லை. மறுநாள் விடிவதற்கு முன்னால், வடக்கே கொஞ்ச தூரத்தில் தாமிரபரணி கடலில் கலக்கிற புன்னைக்காயலுக்குக் கூட்டிப் போனேன். ஆள் இல்லாத மணல். வீசுவதற்கு முன்னால் தானாகவே ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தான்.

முதல் வீச்சிலேயே கனமாக இழுத்தது. "பெரிசு அத்தான், பெரிசு!" என்று சுற்றிச் சுற்றி இழுத்தான். கரைக்கு வந்தது ஒரு முழம் பாலியஸ்டர் புடவை. எந்த ஊர்ப் பாவமோ.

கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி வீசினான். ஏழு மணிக்குள் நாலு கிழங்கான். தங்கியிருந்த வீட்டில் அவன் அக்காவே வறுத்துக் கொடுத்தாள். உப்புதான் கொஞ்சம் தூக்கல்.