பிடிஎஃப் திருட்டும் திருட்டுதான்

புதிய நாவல் ஒன்று பரவலாகப் பேசப்பட்டால் போதும். அதன் பிடிஎஃப் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. செல்போனில் எடுத்த கோணலான பக்கங்கள். ஓரத்தில் புத்தகத்தை அழுத்திப் பிடித்திருக்கும் கட்டைவிரல். கீழே வரிசையாக நன்றிகள், கூடவே ‘இவருடைய மற்ற புத்தகங்களும் இருந்தால் போடுங்கள்’ என்ற வேண்டுகோள். எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இது திருட்டு. வாசிப்பைப் பரப்புகிறோம் என்று சொல்லிக்கொள்வதால் சேவை ஆகிவிடாது.

தமிழ்ப் பதிப்புலகில் ராயல்டி பொதுவாகப் பத்து விழுக்காடு. 300 ரூபாய் நூல் ஒன்றுக்கு 30 ரூபாய். 500 பிரதிகள் அச்சிட்டு அத்தனையும் விற்றாலும் எழுத்தாளருக்குக் கிடைப்பது 15,000 ரூபாய். ஆண்டுக்கணக்கான உழைப்பின் கூலி அவ்வளவுதான். அதிலும் கைவைப்பவர்கள், அந்த எழுத்தை நேசிப்பதாகச் சொல்லும் வாசகர்களே என்பதுதான் வேதனை.

காசில்லாதவர் படிக்கக் கூடாதா? தாராளமாகப் படிக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் ஏராளமான நூல்களை முறைப்படி இலவசமாகத் தருகின்றன. ஊர்தோறும் பொது நூலகங்கள் இருக்கின்றன. எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுவுடைமை ஆகிவிடுகிறது. அதற்கு முன்பே நாட்டுடைமையாக்க விரும்பினால், தமிழ்நாடு அரசே மரபுரிமையாளருக்குப் பரிவுத்தொகை கொடுக்கிறது. அரசே கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்வதை, கொடுக்காமல் எடுத்துக்கொள்ள ஒரு குழுவின் அட்மினுக்கு என்ன உரிமை?

அயலகத் தமிழருக்கு நூல்கள் கிடைப்பதில்லை, பல நூல்கள் மறுபதிப்பே காண்பதில்லை என்ற குறைகள் உண்மையானவை. பதிப்பாளர்கள் நியாயமான விலையில் மின்னூல் கொண்டுவர வேண்டும். விற்ற பிரதிகளின் கணக்கை ஆண்டுதோறும் எழுத்தாளரிடம் காட்ட வேண்டும். ராயல்டியை அமுக்கும் பதிப்பாளரும் பிடிஎஃப் போடுபவரும் செய்வது ஒரே குற்றம். ஆனால் ஒருவர் செய்யும் தவறு மற்றவருக்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தெரிந்தே உரிமையை மீறுபவருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. ஆனால் எந்த எழுத்தாளர் தன் வாசகர்மீது வழக்குப் போட்டு நீதிமன்றப் படியேறிக்கொண்டிருப்பார்? அவரால் முடியாது என்ற தைரியத்தில்தான் இது நடக்கிறது. எளியவரின் இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வது இரட்டைக் குற்றம்.

அனுமதியில்லாத கோப்புகளை அட்மின்கள் இன்றே நீக்க வேண்டும். வாசகர்கள் அவற்றைக் கேட்கவும் கூடாது, பகிரவும் கூடாது. வாங்க முடிந்தவர் வாங்கட்டும். முடியாதவர் நூலகத்தில் கேட்டு வரவழைக்கட்டும். எழுதுகிறவருக்குக் கூலி கொடுக்காத சமூகத்துக்குத் தன் மொழியில் நல்ல நூல்கள் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் தகுதி இல்லை.