கிளாசிக்காவது, கத்தரிக்காயாவது!

அமெரிக்காவில் மகனோ மகளோ, அக்கா பிள்ளையோ தம்பி பெண்ணோ இருக்கிறவர்கள் இந்த வாரம் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். மற்றவர்களும் படிக்கலாம். உங்கள் எதிர்வீட்டில் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார்.

என் அக்கா மகன் டெக்சஸில் இருக்கிறான். சாஃப்ட்வேர். பதினோரு வருஷம் தவம் கிடந்து கிரீன் கார்டு வாங்கினான். நேர்த்திக்கடன் தீர்க்கத் திருப்பதிக்கு வருவான் என்று அக்கா காத்திருந்தாள். அவன் நேராகப் போன இடம் துப்பாக்கி சுடும் மையம்! வேலை விசாவில் இருக்கும் வரை, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியை வைத்துக்கொள்ள அந்த நாட்டுச் சட்டம் விடாது. கிரீன் கார்டு கைக்கு வந்தால் அந்தத் தடை இல்லை.

நான் அங்கே போயிருந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனான். டூரிஸ்ட் விசாக்காரன் என்பதால் நான் தொடக்கூடாது. காதை மூடிக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வாடகைக்கு ஒரு கோல்ட் 1911 எடுத்தான். காலியாக இருக்கும்போதே ஒரு கிலோவுக்கு மேல் எடை. அழுத்தினால் மேல்பகுதி சடாரெனப் பின்னால் போய், காலித் தோட்டாவைத் துப்பிவிட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொண்டு முன்னால் வருகிறது. ஏழு முறை அப்படி. திரும்பிப் பார்த்துச் சிரித்தான். சின்ன வயசில் தீபாவளிக்கு ரோல் கேப் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தபோது பார்த்த அதே முகம். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வம்பு காரில் திரும்பும்போது ஆரம்பித்தது.

"மாமா, ஒண்ணு வாங்கப் போறேன்."

"எதுக்குடா?"

"சும்மா கலெக்‌ஷனுக்குத்தான். இது கிளாசிக் மாமா! ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சுக் கும்பிடலாம்."

இந்த 'கிளாசிக்' என்ற வார்த்தைதான் எனக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்குகிறது.

கிளாசிக் என்று எதையெல்லாம் சொல்கிறோம்? தாத்தாவின் கிராமபோன், அப்பாவின் லாம்பி ஸ்கூட்டர். எல்லாம் ரிட்டையர் ஆனவை. கிராமபோனுக்குக் குரல் கரகரத்துவிட்டது. ஸ்கூட்டர் இருபது உதை வாங்கினால்தான் கிளம்பும். ஆனால், 1911-க்கு ரிட்டையர்மென்ட் கிடையாது. அதற்கான தோட்டா இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. அன்றைக்கு நொடிக்கு சுமார் 250 மீட்டர் வேகத்தில் போன குண்டு இன்றைக்கும் அதே வேகத்தில்தான் போகும். கிழவனாகாத ஒன்றைப் பழம்பொருள் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

அது பிறந்த கதையையும் கேளுங்கள். பிலிப்பைன்ஸில் மோரோ மக்களோடு நடந்த சண்டையில் தங்கள் .38 ரிவால்வர் போதவில்லை என்று அமெரிக்க ராணுவம் புலம்பியது. குண்டு பட்டும் மனிதர்கள் விழாமல் மேலே வருகிறார்களாம்! 1904-ல் சிகாகோ கசாப்புத் தொட்டியில் மாடுகளைச் சுட்டும், மனிதச் சடலங்களைச் சுட்டும் பரிசோதித்தார்கள். பெரிய குண்டுதான் வேண்டும் என்று முடிவானது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 பிஸ்டலை 1911 மார்ச் 29 அன்று ராணுவம் ஏற்றுக்கொண்டது. ஓடி வருகிற மனிதனை நிறுத்தத்தான் இந்த அழகெல்லாம். 1985-ல் அதன் இடத்துக்கு வேறு பிஸ்டல் தேர்வாகும் வரை, இரண்டு உலகப் போர், கொரியா, வியட்நாம் என்று எல்லா இடத்திலும் அந்த வேலையைத்தான் செய்தது.

அந்த ஊரில் சட்டமே இந்த மயக்கத்துக்கு உடந்தை. 50 வருஷம் தாண்டி, அசல் உருவம் மாறாத துப்பாக்கிக்கு மத்திய அரசுச் சட்டத்தில் 'அரும்பொருள்' என்று தனி வகையே உண்டு. சேகரிப்பாளர் லைசென்ஸுக்கு மூன்று வருஷத்துக்கு 30 டாலர். அது இருந்தால் வெளிமாநிலத்திலிருந்துகூட அரும்பொருளை வரவழைத்துக்கொள்ளலாம். 2011-ல் யூட்டா மாநிலம் 1911-ஐத் தன் 'மாநிலத் துப்பாக்கி' ஆக்கியது. நமக்கு மாநிலப் பறவை மரகதப்புறா, மாநில மரம் பனை. அவர்களுக்குத் துப்பாக்கி. நல்லா இருக்கு!

அதே 1911-ல், ஜூன் 17-ம் தேதி, மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், அதே துப்பாக்கியால் தன்னையும் மாய்த்துக்கொண்டார். அவர் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல்தான். அதே பிரவுனிங், அதே வருஷம். மணியாச்சியைப் பற்றிப் பேசும்போது நாம் யாரும் "ஆஹா, என்ன கிளாசிக்!" என்று சொல்வதில்லையே? அங்கே இரண்டு பிணங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஷோகேஸில் தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்ப சுடவே கூடாதா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சுடுவது வேறு, வாங்குவது வேறு. வாடகைக்கு எடுத்து, சுட்டுவிட்டு, அங்கேயே கொடுத்துவிட்டு வருகிறவன் விளையாடுகிறான். வீட்டுக்குக் கொண்டு வருகிறவன் ஒரு புது ஆளைக் குடிவைக்கிறான்.

அந்த ஆளின் யோக்கியதையைப் பாருங்கள். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல்! கலிஃபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவர்களைப் பன்னிரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு 2020-ல் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, இல்லாதவர்களைவிட சுமார் எட்டு மடங்கு அதிகம். பெண்களில் 35 மடங்கு. சாவதற்காகவே வாங்கியிருப்பார்கள் என்று தள்ளிவிடாதீர்கள். அப்படி இறந்தவர்களில் பாதிக்கு மேல், வாங்கி ஒரு வருஷம் கழித்துத்தான் இறந்திருக்கிறார்கள். வாங்கும்போது அவர்களும் சிரித்துக்கொண்டேதான் வாங்கியிருப்பார்கள்.

வேலை போகிறது. கல்யாணம் முறிகிறது. அப்பா போன செய்தி நடுராத்திரியில் வருகிறது. யாருக்கும் ஒரு கெட்ட ராத்திரி வரும். விடிந்தால் மனசு மாறும். அலமாரியில் இருப்பது விடியும் வரை பொறுக்காது.

"திருடன் வந்தா பாதுகாப்பு வேணாமா?" இதற்கும் பதில் இருக்கிறது. கைத்துப்பாக்கிக்காரரோடு ஒரே வீட்டில் வசிக்கிறவர்கள் கொலையாவது, துப்பாக்கி இல்லாத வீடுகளில் இருப்பவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று அதே குழு 2022-ல் கண்டுபிடித்தது. கணவனோ துணைவரோ சுட்டுச் சாவது ஏழு மடங்கு. அப்படிச் செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாதுகாப்பு யாருக்கு, சொல்லுங்கள்?

"கத்தியும்தான் கொல்லும், காரும்தான் கொல்லும்." ஐயா, கத்தி கத்தரிக்காய் நறுக்கும். கார் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகும். 1911-க்கு வேறென்ன வேலை தெரியும்?

இன்னொன்று. இந்த கிளாசிக்கில் மேகஸினைக் கழற்றிவிட்டாலும், குழலில் ஏற்கெனவே ஏறிய ஒரு தோட்டா உள்ளேயே இருக்கும். அழுத்தினால் வெடிக்கும். "காலிதான்" என்று அப்பா வைத்துவிட்டுப் போனதை எடுத்து விளையாட வீட்டில் ஒரு குழந்தை போதும். என் அக்கா மகனுக்கு ஐந்து வயசில் பையன் இருக்கிறான்.

"வாராவாரம் போய்ச் சுடுடா. வாடகை நான் தர்றேன். வீட்டுக்கு மட்டும் கொண்டு வராதே" என்றேன். "யோசிக்கிறேன் மாமா" என்றான். யோசித்துக்கொண்டே இருக்கட்டும். அதுவரைக்கும் நல்லது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் "சாப்பிட்டியா? குளிர் எப்படி?" எல்லாம் கேட்டு முடித்த பிறகு, கூச்சப்படாமல் இன்னொன்றும் கேளுங்கள்: "வீட்ல துப்பாக்கி இருக்கா?"

இருக்கிறது என்றால் தோட்டா வேறு, துப்பாக்கி வேறாகப் பூட்டச் சொல்லுங்கள். வேறு யாருக்கும் கிடைக்காத சாவியாக இருக்கட்டும். "அட, அது கிளாசிக்மா!" என்று சிரித்தால், போனை வைத்துவிடாதீர்கள். மறுபடியும் கேளுங்கள்.