குதிமுள்ளும் தூண்டுகோலும்

ஆங்கிலத்தில் 'ஸ்பர்' என்றொரு சொல் உண்டு. அண்மைக் காலமாகத் தமிழுக்கு வந்துகொண்டிருக்கும் வரலாற்று நூல்களையும் பொருளியல் கட்டுரைகளையும் சற்றே கூர்ந்து படிப்பவர்கள், மூலத்தில் அச்சொல் எங்கே நின்றிருக்கும் என்பதை மொழிபெயர்ப்பைக் கொண்டே ஊகித்துவிடலாம். அங்கே 'தூண்டுகோல்' என்றிருக்கும், இல்லையேல் 'உந்துசக்தி', செய்தித்தாள் நடையாயின் 'ஊக்குவிப்பு'. மூன்றும் நல்ல சொற்களே. ஆயினும் ஸ்பர் வரும் இடமெல்லாம் இவற்றையே வைப்பது பிழை. சில இடங்களில் அது பிழையோடு நில்லாமல் அநீதியாகவும் ஆகிவிடுகிறது என்பது நம் கட்சி.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். குதிரைமேல் இருப்பவன் தன் குதிகாலில் கட்டிக்கொள்ளும் உலோக முள்தான் ஸ்பர். இரு கைகளும் கடிவாள வாரிலோ ஆயுதத்திலோ இருக்க, காலை உள்நோக்கி அழுத்தினால் முள் குதிரையின் விலாவில் பதியும், குதிரை பாயும். பழைய வடிவம் ஒற்றைக் கூர் உடையது. 13ஆம் நூற்றாண்டிலிருந்து, சுழலும் சிறு பற்சக்கரம் பொருத்திய வடிவம் ஐரோப்பாவில் பரவியது. பழைய ஆங்கிலத்தில் இதன் பெயர் 'ஸ்புரா'. இன்று 'இகழ்ந்து ஒதுக்கு' என்று பொருள்படும் 'ஸ்பர்ன்' என்னும் வினை இதன் உடன்பிறப்பு. காலால் உதைத்துத் தள்ளுவதே அதன் தொடக்கப் பொருள். ஆக, இச்சொல்லின் குடும்பமே உதைக்கிற குடும்பம்.

தமிழ் அகராதிகளில் இதற்குக் 'குதிமுள்' என்னும் சொல் இருக்கிறது. நம் மரபில் இக்கருவி குதிகாலில் இருந்ததைவிடக் கையில் இருந்ததே மிகுதி. சங்க முல்லைப் பாடல்களில் தேர்ப்பாகன் குதிரைகளை விரைவுபடுத்தப் பயன்படுத்தும் முட்கோலை நினைத்துக்கொள்ளலாம். மாட்டுக்குத் தாற்றுக்கோல், யானைக்கு அங்குசம். குத்தி ஓட்டுவதற்குத் தமிழில் சொற்பஞ்சம் என்று எவரும் சொல்ல முடியாது.

இனித் தூண்டுகோலுக்கு வருவோம். அது விளக்கின் திரியை மேலே தள்ளிவிடும் சிறு கோல். எண்ணெய் இருக்கிறது, திரி இருக்கிறது, சுடர் மங்குகிறது, கோல் திரியைத் தொடுகிறது, சுடர் நிமிர்கிறது. தூண்டாமணிவிளக்கு என்று நாம் சொல்லும்போது இந்தக் காட்சிதான் பின்னணியில் நிற்கிறது. ஓர் ஆசிரியர் மாணவனுக்குத் தூண்டுகோலாக இருந்தார் என்பது எவ்வளவு அழகான வாக்கியம்! அதில் எவருக்கும் வலியில்லை. (தூண்டிலும் அதே வேரில் பிறந்ததுதானே என்று நண்பர்கள் மடக்கலாம். பிறந்ததுதான். ஆனால் தூண்டுகோல் என்று எழுதுகிற எவருடைய மனத்திலும் மீனின் வாய் வருவதில்லை.) குதிமுள்ளின் காட்சியில் மூவர் இருக்கிறார்கள்: குத்துகிறவன், குத்துப்படுகிற உயிர், குத்துகிறவன் போய்ச்சேர விரும்பும் இடம். அந்த இடத்துக்குப் போகக் குதிரை விரும்பியதா என்று எவரும் கேட்பதில்லை. இந்த மூவரையும் கழித்துவிட்டு அங்கே ஒரு விளக்கை ஏற்றி வைப்பதுதான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் செய்கிற வேலை.

ஆங்கிலத்திலேயே இதற்கு அருகில் வேறு சொற்கள் உண்டு. 'இன்சென்டிவ்' என்பது இலத்தீனில் பாட்டுக்கு முதல் சுருதி எடுத்துக்கொடுப்பதிலிருந்து வந்தது. அதற்கு ஊக்குவிப்பு தாராளமாகப் பொருந்தும். பாட்டுக்கும் முள்ளுக்கும் ஒரே சொல் போதும் என்பவருக்குக் காது வேண்டியதில்லை.

குதிமுள்ளுக்கு வலியைத் தவிர இன்னொரு முகமும் உண்டு, அது மானம். இடைக்கால ஐரோப்பாவில் பொன்முலாம் பூசிய குதிமுள் வீரப்பட்டம் பெற்றவனின் அடையாளம். 1346இல் கிரெஸி போர்க்களத்தில் பதினாறு வயது இளவரசன் நெருக்கடியில் இருக்கிறான், துணைப்படை வேண்டும் என்று செய்தி வந்தபோது, அவன் தன் குதிமுட்களைத் தானே ஈட்டிக்கொள்ளட்டும் என்று மன்னன் மூன்றாம் எட்வர்டு மறுத்துவிட்டதாக ஃபுருவாசார் எழுதிவைத்திருக்கிறார். முதல் வெற்றியால் தன் தகுதியை நிறுவுவதை ஆங்கிலேயர் இன்றும் 'குதிமுள் ஈட்டுதல்' என்கிறார்கள். இங்கே தூண்டுகோலை வைத்தால் என்ன ஆகும்? இளவரசன் விளக்குக்கோலை வென்று வந்தான் என்றாகும்.

ஈட்டியதை இழக்கவும் செய்யலாம். 1322இல் மன்னனுக்காகப் பெரும் வெற்றி ஈட்டிய ஆண்ட்ரூ ஹார்க்ளே, மறு ஆண்டே ஸ்காட்லாந்தோடு தானாக உடன்படிக்கை செய்துகொண்ட குற்றத்துக்காகக் கொல்லப்பட்டார். கொல்வதற்கு முன் அவர் குதிகாலிலிருந்து குதிமுட்களை வெட்டி எறிந்தார்கள். உயிரைப் பறிக்குமுன் பட்டத்தைப் பறித்தாக வேண்டும் என்பது அக்கால முறை. அதற்கும் முன்னதாக, 1302இல் கோர்ட்ரைக் நகரருகே, பெரும்பாலும் நெசவாளர்களும் கைவினைஞர்களுமான ஃபிளாண்டர்ஸ் காலாட்படையினர் பிரெஞ்சுக் குதிரைவீரர்களைச் சேற்று நிலத்தில் வீழ்த்தினார்கள். இறந்த பிரபுக்களின் பொன் குதிமுட்களைச் சேகரித்து நகரத் தேவாலயத்தில் தொங்கவிட்டார்கள். பொன் குதிமுட்களின் போர் என்றே அதற்குப் பெயர். குதிரை ஏறாதவர்கள், ஏறியவர்களின் காலிலிருந்து முள்ளைக் கழற்றிய கதை அது. பிரெஞ்சுப் படை 80 ஆண்டுகள் காத்திருந்து, 1382இல் அவற்றை மீட்டுக்கொண்டு நகரையும் எரித்தது. சில முட்களுக்காக இவ்வளவா என்று கேட்பவருக்கு அச்சொல்லின் எடை இன்னும் கைக்கு வரவில்லை.

மற்றப் பொருள்களை விரைவாகக் கடந்துவிடலாம். மலைத்தொடரிலிருந்து பக்கவாட்டில் நீளும் கிளைமலை, இருப்புப்பாதையின் சிறு கிளை, குதிகால் எலும்பில் வளரும் முள் ஆகியவை வடிவத்தால் ஒப்பானவை, அவற்றில் சச்சரவில்லை. 'கணத்தின் குதிமுள்ளில்' என்று ஆங்கிலேயர் சொன்னால் முன்யோசனையின்றிச் சட்டென்று என்று பொருள். 1882இல் தொடங்கிய லண்டன் கால்பந்துக் கழகம் ஒன்று, 1403இல் போரில் மடிந்த ஹென்றி பெர்சியின் 'ஹாட்ஸ்பர்' என்ற பட்டப்பெயரைச் சூடிக்கொண்டது. குதிமுள் சூடேறும் அளவுக்கு வேகக்காரர் என்பதே அப்பெயரின் குறிப்பு.

இனி நம்மோடு மாறுபடுவோரின் வலுவான வாதத்துக்கு வருவோம். "இவையெல்லாம் இறந்த உருவகங்கள், ஸ்பர் என்று எழுதும் ஆங்கிலேயனே குதிரையை நினைப்பதில்லை, நீங்கள் ஏன் நினைக்கிறீர்கள்?" என்பார்கள். பெரும்பாலான இடங்களில் இது உண்மைதான் என்று ஒப்புவதில் நமக்குத் தடையில்லை. ஆனால் எல்லா இடங்களிலும் குதிரை இறந்துவிடவில்லை.

1786இல் ஜோசப் டவுன்சென்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், ஏழையர் நிவாரணச் சட்டங்களைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். மார்க்ஸ் 'மூலதன'த்தில் அவரை எடுத்துக்காட்டிச் சாடுகிறார். கார்ல் பொலானி 1944இல் வெளியிட்ட 'மாபெரும் மாற்றம்' அவரை விரிவாக ஆராய்கிறது. மேல்தட்டினரைச் செயலுக்கு நகர்த்துவன பெருமிதமும் மானமும் பேரவாவும். ஏழைகள் அவற்றை அறியார். அவர்களை உழைக்க வைக்கப் பசி ஒன்றால்தான் முடியும் என்பது அவர் வாதம். பசியின் வேலையைச் சொல்ல அவர் அடுத்தடுத்து வைக்கும் இரு வினைகளைத்தான் கவனிக்க வேண்டும். ஒன்று குதிமுள்ளால் குத்துவது. மற்றது தாற்றுக்கோலால் குத்துவது. முதலாவது குதிரைக்கு, இரண்டாவது மாட்டுக்கு. மானத்தை மேலோருக்கு ஒதுக்கிவிட்டு, விலங்குக்கு உரிய இரு கருவிகளையும் ஏழையின் விலாவுக்குக் கொடுக்கிறார் பாதிரியார். இங்கே உருவகம் இறக்கவில்லை. முழு உயிரோடு உதைக்கிறது. 1834இல் இங்கிலாந்து கொண்டுவந்த புதிய ஏழையர் சட்டம், உதவி கேட்டு வருவோரின் நிலை கூலியாளின் மிகத் தாழ்ந்த நிலையைவிடவும் மோசமாக இருக்க வேண்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்தது. முள் சொல்லிலிருந்து சட்டத்துக்கு ஏறிவிட்டது.

இந்த இடத்தைத் தமிழில் 'ஏழைகளுக்குப் பசியே உழைப்பின் தூண்டுகோல்' என்று எழுதிவிட்டால் என்ன நேர்கிறது? ஏறக்குறைய ஒரு பொன்மொழி பிறந்துவிடுகிறது. சுவரில் எழுதி மாட்டலாம். வாசகர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். 'பசி என்னும் முள்ளால் குத்தினால்தான் ஏழைகள் வேலைக்கு நகர்வார்கள்' என்று எழுதினால் அவர் நின்றுவிடுவார். யார் குத்துவது என்று கேட்பார். அந்தக் கேள்வி மூலத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் இல்லாமல் செய்யும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை.

நாள்தோறும் வரும் பொருளாதாரச் செய்திகளிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். வளர்ச்சியை 'ஸ்பர்' செய்யும் நடவடிக்கை என்று ஆங்கிலத்தில் வருவது 'வளர்ச்சிக்கு ஊக்கம்' என்று தமிழில் இறங்குகிறது. வரிச்சலுகை பெறும் ஆலைக்கு அது ஊக்கம்தான், அப்படியே எழுதலாம். மானியம் வெட்டப்பட்டவன் கூடுதல் நேரம் உழைப்பான் என்ற கணக்குக்கும் அதே ஊக்கத்தை எழுதும்போதுதான் நமக்குக் கை கூசுகிறது.

குதிமுள் என்றால் யாருக்குப் புரியும் என்று கேட்பார்கள். குதிரையேற்றம் அறியாத வாசகருக்கு அது அயலாக இருக்கலாம். தார்க்குச்சி புரியாத தமிழ் வாசகர் குறைவு; மாட்டின் பின்புறம் அது பட்ட இடத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மானத்தைக் குறிக்குமிடத்தில் குதிமுள்ளை வைத்து ஓர் அடிக்குறிப்புத் தரலாம். வலியைக் குறிக்குமிடத்தில் தாற்றுக்கோலோ முள்ளோ போதும். 'குத்தி ஓட்டுதல்' என்று வினையாக எழுதினால் அடிக்குறிப்பும் வேண்டாம். வலியும் மானமும் இல்லாத இடத்தில் தூண்டுகோலை வைத்துக்கொள்ளட்டும். அங்கே நமக்கு வழக்கில்லை.