விளக்குமாறும் கொத்துரொட்டியும்

 

ஒக்டோபர் பிறந்தால் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றும். ஹலோவீன் கார்ட்டூன்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன, பார்க்க விடாதீர்கள் என்று. ஹலோவீன் நம்முடைய பண்டிகை இல்லை. அதைக் கொண்டாடச் சொல்லி நான் எழுதவும் இல்லை. ஆனால் வந்தாறுமூலையிலும் ஏறாவூரிலும் வளரும் நம் பிள்ளைகள் அவற்றில் ஒரு கதையையாவது பார்க்க வேண்டும் என்பேன்.

சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் 1990 முதல் ஹலோவீனுக்கென்று பேய்க்கதைகள் போட்டு வருகிறது. 1997இல் வந்த ஒரு கதை 1649ஆம் ஆண்டில் நடக்கிறது. ஊரார் பெண்களைச் சூனியக்காரிகள் என்று பிடித்து எரிக்கிறார்கள். மார்ஜ் என்ற குடும்பப் பெண் மீதும் பழி விழுகிறது. அவளுக்கு நியாயமான விசாரணை உண்டாம். என்ன விசாரணை? கையில் விளக்குமாற்றைக் கொடுத்து மலையுச்சியிலிருந்து தள்ளுவது. விழுந்து செத்தால் நிரபராதி. பறந்தால் சூனியக்காரி, திரும்பி வந்து தலையை வெட்டக் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகள் சிரிப்பார்கள். நமக்குச் சிரிப்பு வருமா?

2011 ஆகஸ்ட், நோன்பு காலம். கிறீஸ் பூதம், மர்ம மனிதன் என்று கிழக்கே நடுங்கியது. பெண்கள் இருட்டினால் வாசலுக்கு வரப் பயந்தார்கள். தமிழ்க் கிராமம், முஸ்லிம் கிராமம் என்றில்லாமல் இளைஞர்கள் பொல்லோடு விழித்திருந்தார்கள். சந்தேகத்தின் பேரில் அப்பாவிகளும் அடிபட்டார்கள். பிடிபட்டவன் "நான் அவன் இல்லை" என்றால், பூதமும் அப்படித்தானே சொல்லும் என்றார்கள்.

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை. ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டிக்குள் மலட்டு மாத்திரை என்று கதை. கூட்டம் சூழ்ந்துகொண்டு மிரட்ட, சிங்களம் சரியாக விளங்காத காசாளர் 'ஆம்' என்று தலையாட்டினார். அந்த வீடியோ நாடு முழுக்கப் போனது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவு என்று தெரிந்தது. அவர் 'இல்லை' என்றிருந்தால் மட்டும் விட்டிருப்பார்களா? அவர் கையில் இருந்ததும் அந்த விளக்குமாறுதான்.

"நாங்கள் கண்ட பயங்கரம் போதாதா சேர், கார்ட்டூனிலும் வேண்டுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1990 ஆகஸ்டில் ஏறாவூரிலும், செப்டம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலும் நடந்ததை நாம் மறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன். பயத்தை மட்டும் கொடுக்கும் கதை பிள்ளையைப் போர்வைக்குள் அனுப்பும். பயந்த கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்க வைக்கும் கதை, அந்தக் கூட்டத்தில் சேராமல் நிற்கப் பழக்கும்.

இன்னொன்று. அந்தக் கதையில் மார்ஜ் கடைசியில் உண்மையாகவே சூனியக்காரிதான். அதற்காக அந்த விசாரணை நியாயமாகிவிடுமா? 2011இலும் யுத்தம் முடிந்து இரண்டே வருஷம். மக்களின் பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் இருந்தாலும் கூட்டம் நீதிபதியாக முடியாது.

சிறு பிள்ளைகளுக்கு இது வேண்டாம். 1990இல் வந்த முதல் தொகுப்பிலேயே மார்ஜ் மேடைக்கு வந்து, பிள்ளைகளைத் தூங்க அனுப்பிவிடுங்கள் என்ற கணக்கில் பெற்றோரை எச்சரிக்கிறாள். வளர்ந்த பிள்ளைகளோடு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தான் குற்றமற்றவள் என்று காட்ட அவளுக்கு ஏதாவது வழி இருந்ததா?"

சூறா ஹுஜுராத்தின் 6ஆம் வசனம், வரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. அடுத்த முறை ஒரு வீடியோவை 'போர்வர்ட்' பண்ண விரல் போகும்போது, அதில் நிற்கும் மனிதரின் கையில் விளக்குமாறு இருக்கிறதா என்று பாருங்கள்.