இடது கையால ஒரு ஸ்டார் வாங்கின கதை

போன வாரம் ஒருநாள் ராத்திரி ஒன்பதரை மணி. ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற என் பொண்ணு 'இ' எழுதிட்டு இருந்தா. ரெண்டு பக்கம் முடிக்கணும். பத்து வரி தாண்டினதும் "கை வலிக்குதுப்பா"ன்னு அழ ஆரம்பிச்சுட்டா. நான் என்ன செஞ்சேன்? ரப்பரை எடுத்து, கோணலா இருந்த ரெண்டு வரியை அழிச்சுட்டு, "ஒழுங்கா எழுது"ன்னு கத்தினேன். குழந்தை நோட்டு மேலயே தலையைச் சாய்ச்சு தூங்கிடுச்சு.

மிச்சத்தை நான்தான் எழுதினேன். குழந்தை எழுத்து மாதிரி தெரியணுமே, அதனால இடது கையால! மறுநாள் சாயங்காலம் நோட்டைக் காட்டி அவ சொன்னா: "அப்பா, உனக்கு ஸ்டார் போட்டிருக்காங்க." தங்கமணி சிரிச்சாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல.

சட்டப்படி பார்த்தா இந்த வீட்டுப்பாடமே இருக்கக் கூடாது. ஒண்ணு, ரெண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதுன்னு 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிச்சு. அதே வருஷம் நவம்பர்ல மத்திய அரசும் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிச்சு. இந்த வகுப்புகளுக்குப் பையோட எடை ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாதுன்னும் அதுல இருந்துச்சு.

அப்புறமும் ஏன் கொடுக்கறாங்க? பள்ளிக்கூடத்தை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லைங்க. நோட்டு காலியா வந்தா "அங்க ஒண்ணுமே சொல்லித் தர்றதில்ல"ன்னு முதல்ல புலம்பறது யாரு? நாமதான். வாட்ஸப் குரூப்ல "இன்னைக்கு ஹோம்வொர்க் என்ன?"ன்னு கேக்கறதும் நாமதான்.

பெத்தவங்க இன்னொரு டீச்சரா மாற வேண்டாம்ங்கிறது என் கட்சி. வீட்ல செய்ய வேண்டியது வேற. ஆறு வயசுல விரலுக்கு இன்னும் முழுசா பலம் வரல. கீரை ஆயட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும், பாசி மணி கோக்கட்டும். பென்சில் தானா வசத்துக்கு வரும். பட்டாணி உரிச்சு எண்ணினா கணக்கு. பஸ் போர்டு படிச்சா தமிழ். தூங்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒரு கதை. நமக்குப் படிக்கத் தெரியலைன்னாலும் பரவாயில்ல, கதை சொல்லத் தெரிஞ்சா போதும். முக்கியமா, "இன்னைக்கு என்ன எழுதினே?"ன்னு கேக்காம "இன்னைக்கு எதுக்குச் சிரிச்சே?"ன்னு கேட்டுப் பாருங்க. அரை மணி நேரம் பேசுவாங்க.

திங்கட்கிழமை மிஸ்ஸைப் பார்த்து, எழுதினது நான்தான்னு ஒத்துக்கிட்டேன். அவங்க கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. அப்புறம் மெதுவா, "நீங்க மட்டும் இல்ல சார்"னாங்க.

உங்க வீட்டுல எப்படி மக்களே? உண்மையைச் சொல்லுங்க, யாரு எழுதறாங்க? :-)

பி.கு: நேத்து எங்க வீட்ல கீரை ஆய்ஞ்சது பொண்ணுதான். பாதிக் கீரை தரையில.