சேவை என்றால் கைகட்டி நிற்பதா?

டிப்ளமோ கையில் வந்ததும் நம் கண்ணுக்குத் தெரிவது கம்பெனி கேட்தான். ஆனாலும் குடிநீர், வீடு கட்டுதல், சூரிய விளக்கு என்று தொண்டு நிறுவனங்களுக்குப் போகிறவர்களும் நம்மில் உண்டு. அங்கே முதல் நாளே காதில் விழும் வாசகம்: "இது வேலை இல்ல தம்பி, சேவை!"

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சம்பளம் கேட்டாலும் 'சேவை', யோசனை சொன்னாலும் 'சேவை' என்றால் எப்படி?

எனக்குத் தெரிந்த சீனியர் அண்ணன் ஒருவர், ஒரு தொண்டு நிறுவனத்தில் கைபம்பு பராமரிப்பில் இருந்தார். எந்த ஊர்ப் பம்பில் வாஷர் தேய்ந்திருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் ஒரு வாஷர் வாங்க ஆபீஸில் மூன்று கையெழுத்து வேண்டும்! காலிக் குடத்தோடு நிற்கும் பெண்களிடம், "சார்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேங்க" என்பதே அவர் பதில். இரண்டே வருடத்தில் விலகிவிட்டார். "சம்பளம் கம்மிங்கறதுகூட பெரிசில்லடா, என்னை யாரும் நம்பலியே!" என்றார்.

மேனேஜ்மெண்ட் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்யும் ஹெர்ஸ்பெர்க் இதைத்தான் சொன்னார். சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் விசாரித்து 1959-இல் அவர் வெளியிட்ட முடிவு: சம்பளம் குறைந்தால் அதிருப்தி வரும், ஆனால் சம்பளம் மட்டுமே திருப்தி தராது. திருப்தி தருவது சாதனை, பாராட்டு, பொறுப்பு.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. நெதர்லாந்தில் நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் நர்சுகளுக்கு, இந்த வேலைக்கு இத்தனை நிமிடம் என்று மேலிடம் கணக்குப் போட்டுக் கொடுத்துவந்தது. இதில் சலித்துப்போன யோஸ் டி பிளாக் என்ற நர்ஸ், 2006-இல் 'பூர்ட்சோர்க்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பைத் தொடங்கினார். அதிகபட்சம் 12 பேர் கொண்ட குழு, மேலாளர் கிடையாது. யாரை எப்போது பார்ப்பது, யாரை வேலைக்கு எடுப்பது, எல்லாம் குழுவின் முடிவே. நான்கு பேரோடு தொடங்கியது பத்தாயிரம் பேரைத் தாண்டி வளர்ந்தது. நாட்டின் சிறந்த பணியிடம் என்ற விருதும் பலமுறை கிடைத்தது.

"நன்கொடைப் பணமாச்சே, கணக்கு வேண்டாமா?" என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும்! பூர்ட்சோர்க் குழுக்களும் தங்கள் வரவு செலவுக்குத் தாங்களே பொறுப்பு. செலவுக்கு ஒரு வரம்பு வைக்கட்டும், ரசீது கேட்கட்டும். வரம்புக்குள் முடிவெடுக்கும் உரிமையைக் களத்தில் நிற்பவனிடம் கொடுக்கட்டும். 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வதும் இதுதானே? ஆளைத் தெரிந்துகொண்டபின் வேலையை அவனிடமே விட்டுவிட வேண்டும்.

அதிகாரம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி, நாலு ஆள் வேலையை ஒருவன் தலையில் கட்டுவதும் கூடாது. நியாயமான சம்பளத்துக்கு மாற்று எதுவும் இல்லை.

ஆகவே தோழர்களே, தோழிகளே! நாளை இன்டர்வியூவில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். சம்பளத்தைக் கேளுங்கள், தப்பில்லை. கூடவே இதையும் கேளுங்கள்: "நான் யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடிய முடிவு எது சார்?"