கிழிந்த வலை சொல்லும் பாடம்

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். மீன் பிடித்துத் திரும்பிய மீனவர், நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரி செய்து கொண்டிருப்பார். பார்ப்பவர்களுக்கு, கை மட்டும் வேலை செய்வதாகத் தோன்றும். உண்மை அதுவல்ல. கையோடு மூளையும் வேலை செய்கிறது.

ஓட்டையைப் பெரிதாக்குவது ஏன்?

வலை ஒரே மாதிரி கிழிவதில்லை. நண்டு கடித்தால் ஒரு விதம். கட்டையில் மாட்டினால் வேறு விதம். ஆகவே, மீனவர் உடனே ஊசியை எடுப்பதில்லை. வலையை விரித்துப் பார்க்கிறார். பிறகு பிய்ந்த நூல்களைக் கத்தியால் வெட்டி, ஓட்டையை இன்னும் பெரிதாக்குகிறார்!

காரணம் இதுதான். வலையில் ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் நான்கு நூல்கள் பிரிகின்றன. ஓட்டையின் ஓரத்தில் மூன்று நூல் மிஞ்சிய முடிச்சு ஒன்றில் பின்னலைத் தொடங்க வேண்டும். அப்படிப்பட்ட இன்னொரு முடிச்சில் முடிக்க வேண்டும். மற்ற இடங்களில் எல்லாம் இரண்டு நூல்களே இருக்க வேண்டும். அப்படி வெட்டி வைத்தால், ஒரே நூலால் விடாமல் பின்னி ஓட்டையை அடைத்து விடலாம். தப்பாக வெட்டினால், நூல் நடுவழியில் நின்று விடும்.

கையை எடுக்காமல் கோலம் போடும் பெண்களுக்கும் இந்தச் சூட்சுமம் தெரியும். 1736-ல் ஆய்லர் என்ற கணித மேதை, ஏழு பாலங்களை ஒவ்வொரு முறை மட்டும் கடக்க முடியுமா என்று ஆராய்ந்து கண்ட விதியும் இதுவே. பள்ளிக்கூடம் போகாத மீனவரின் விரல்களில் அந்தக் கணக்கு இருக்கிறது!

துணிக்கே ஊர்ப் பெயர்

பழவேற்காட்டுக்கு நூலும் துணியும் புதிதல்ல. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டியது துணி வியாபாரத்துக்காகத்தான். கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிக்கு, ஆங்கிலத்தில் இந்த ஊரின் பெயரே வழங்கியது. கட்டம் சரியாக விழ வேண்டுமானால், நெசவாளி நிறம் வாரியாக இழைகளை எண்ணிப் பாவு ஓட வேண்டும். ஓர் இழை தவறினாலும் கட்டம் கோணும். இன்றும் இவ்வூர் முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் பெட்டி முடைகிறார்கள். அங்கும் எண்ணிக்கைதான் அழகு.

ஊசி எதற்கு என்பவர்களுக்கு

"படிக்கிற பிள்ளைக்கு ஊசியும் நூலும் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. கைத்தொழில் மூலமாகவே பாடங்களைக் கற்பிக்க வேண்டும் என்று 1937-ல் காந்தியடிகள் வற்புறுத்தினார். தையல் தெரிந்த பிள்ளை, தவறு நேர்ந்தால் கலங்காது. பிரித்துப் பார்க்கும், எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கும், மறுபடி தைக்கும். இந்தப் பழக்கம் கணக்குக்கும் உதவும், வாழ்க்கைக்கும் உதவும்.

இப்போது நைலான் வலைகள் ஆலையிலிருந்து வருகின்றன. ஆனால் கிழிந்த வலையைச் சரி செய்ய இன்றும் மனிதக் கை வேண்டும். பிள்ளைகள் படிக்கட்டும், உயர்ந்த வேலைக்குப் போகட்டும். அதற்காக, தகப்பனாரின் கைவேலையை அறிவில்லாதவர் வேலை என்று நினைத்து விடக் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை சட்டையில் பொத்தான் அறுந்திருந்தால், மகனிடமும் மகளிடமும் ஊசியைக் கொடுங்கள். முதல் தையல் கோணலாகத்தான் இருக்கும். பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.